ஒரு கை கல்லுப்பு

மாடிக்கு வந்ததும் சௌமியா முதலில் பார்த்தது தக்காளியைத்தான். நேற்றுப் பொழுது சாயும்வரை நிமிர்ந்து நின்ற செடி, இன்று தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

தண்ணீர் போதவில்லையோ என்று மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. பக்கத்துக் கத்தரியைப் பார்த்தாள். இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டி எடுத்ததுபோலப் பழுப்பேறிக் கிடந்தது. பந்தலில் ஏறிய அவரைக்கொடி துவண்டு தொங்கியது. மிளகாய்ப் பூவெல்லாம் தரையில் உதிர்ந்திருந்தன.

"ஐயோ, இன்னிக்குப் பார்த்தா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு என்ன விசேஷம் என்று இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்கள் கேட்கலாம். நியாயம்தான். சௌமியா ஆட்டையாம்பட்டிப் பெண். தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்த கையோடு, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வெங்கடாசலத்தின் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வந்து இரண்டு வருஷம். புருஷன் தீனதயாளன் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் ஆழ்துளைப் போர் போட்டுக்கொண்டிருக்கிறான். மழைக்காலம் வந்தால்தான் வீடு.

வீடு பண்ணைக்குள்ளேயே இருந்தது. சுற்றிலும் கம்பிவேலி, முன்னால் இரும்புக் கேட். கோழிக்கு நோய் வந்துவிடக் கூடாதென்று வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். வண்டி வந்தால் சக்கரத்துக்கு மருந்தடித்துத்தான் விடுவார்கள். இது எல்லாப் பண்ணையிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் வெங்கடாசலம் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் சேர்த்து நீட்டிவிட்டார்.

"நோய்க்காலம் சாமி. யாரும் வரவும் வேண்டாம், யாரும் போகவும் வேண்டாம்" என்பார். சத்தம் போட்டுச் சொல்லவே மாட்டார், அவ்வளவு இதமாகச் சொல்லுவார். தையும் நோய்க்காலம், சித்திரையும் நோய்க்காலம், ஆடியும் நோய்க்காலம். அந்த வீட்டுக் காலண்டரில் வேறு காலமே கிடையாது. வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டால், "தீனா வரட்டும், பேசிக்கலாம்" என்பார். தீனாவைக் கேட்டால், "அப்பாகிட்டக் கேளு" என்பான். இரண்டு வருஷமாகப் பந்து இப்படித்தான் நாமக்கல்லுக்கும் சத்தீஸ்கருக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

பார்த்தாள் சௌமியா. கேட்டைத் தாண்ட முடியாவிட்டால் போகிறது, மாடிப்படி ஏறத் தடையில்லையே! காலியான தீவன மூட்டைகளில் மண்ணை நிரப்பினாள். உரக்கடைக்குப் போக வழியில்லாததால் அடுப்படிக்குள் கைவைத்தாள். உடைசல் முட்டைக்குப் பண்ணையில் பஞ்சமா? அதன் ஓட்டைக் காயவைத்துப் பொடித்துத் தக்காளிக்குப் போட்டாள். முட்டையை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு, வெல்லம் கரைத்து, கத்தரிக்குத் தெளித்தாள். மிளகாய்ப் பூ உதிர்ந்தால் புளித்த மோரில் பெருங்காயம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணியும் வேப்பெண்ணெயும். அசுவினிப் பூச்சிக்கு அடுப்புச் சாம்பல். எல்லாவற்றுக்கும் மேலே, அரிசி களைந்து மூன்று நாள் புளிக்கவைத்த கழனித்தண்ணி.

"முட்டைய ஊறுகா போடற மருமகளை உலகத்துலயே நான் ஒருத்திதான் பாத்திருக்கறேன்" என்று மாமியார் சௌந்திரம் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் மோரைப் பூனை குடித்துவிட்டது என்று மாமனாரிடம் பொய் சொல்வதும் அவளேதான்.

அப்படி வளர்ந்த தோட்டத்தை இன்று பார்க்க வருகிறாள் ஜீவா. சௌமியாவின் கல்லூரித் தோழி. திருச்செங்கோடு ரோட்டில் ஒரு பெரிய ஹாஸ்டல் பள்ளியில் வேலை பார்க்கிறாள். சமையலறையில் தினமும் மலைபோல் சேர்கிற கழிவை உரமாக்கி, பிள்ளைகளை வைத்துக் காய்கறித் தோட்டம் போட அங்கே ஓர் ஆசிரியை தேவை.

"எங்க தாளாளரம்மா சர்டிபிகேட்டை எல்லாம் பாக்க மாட்டாங்க, செடியத்தான் பாப்பாங்க. நான் வந்து உன் தோட்டத்தை வீடியோ எடுத்துட்டுப் போறேன். திங்கக்கெழமை முடிவு பண்றாங்க" என்று சொல்லியிருந்தாள்.

இன்று சனிக்கிழமை. மாமனார் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கேட் சாவி ஒன்று அவரிடம், இன்னொன்று அத்தை இடுப்பில். அதனால் புதன்கிழமையே அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சௌந்திரம் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம் சாமி" என்றாள். அவ்வளவுதான். போன வாரம் நாம் விட்ட இடம் அது.

சௌமியா குந்தி உட்கார்ந்து மண்ணை உற்றுப் பார்த்தாள். வெயில் பட்ட மூட்டைகளின் மேல்மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு!

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் செடிக்கு ஊற்றியது கழனித்தண்ணி மட்டும்தான். தடதடவென்று கீழே ஓடினாள். அடுப்படிக்குப் பின்னால் இருந்த வாளியில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. புளித்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சொட்டு வாயில் விட்டாள். கடல் தண்ணி தோற்றது.

சௌந்திரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அத்தை, கழனித்தண்ணியில உப்புப் போட்டீங்களா?"

சௌந்திரத்தின் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தது.

"போட்டிருப்பேன் சாமி. மாட்டுக்குன்னு எப்பவும் ஒரு கை கல்லுப்புப் போட்டுக் கலக்கறதுதானே? முப்பது வருசப் பழக்கம். கை மறக்க மாட்டேங்குது."

மாட்டைத் தை மாதத்தில் விற்றாகிவிட்டது. கோழிப்பண்ணைக்குள் மாடு ஆகாதென்று மாமனார் ஒரே நாளில் ஓட்டி அனுப்பிவிட்டார். அன்று முழுக்க அத்தை கட்டுத்தறிப் பக்கம் போய் நின்றதைச் சௌமியா பார்த்திருக்கிறாள். இந்த ஊர்ப்பக்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற எந்தப் பொம்பளையின் கையும் அப்படித்தான், உப்பு ஜாடியைத் தேடித் தானாகப் போகும். இதற்கு எப்படிக் கோபப்படுவது? கத்த வேண்டும் போல இருந்தது. கத்த முடியவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"செடியெல்லாம் கருகிப்போச்சுங்க அத்தை."

"அச்சோ."

"மண்ணுல இருக்கற உப்பு எறங்கோணும். நல்ல தண்ணியா நெறைய ஊத்தி வடிச்சு விட்டா கொஞ்சம் பொழைக்கும். நம்ம போர்த் தண்ணியே உப்பு, அதை ஊத்தினா இன்னும் மோசமாயிரும். டிரம்முல இருக்கற காவேரித் தண்ணியக் குடுங்க அத்தை."

சௌந்திரம் நிமிர்ந்தாள். "குடிக்கற தண்ணியவா? இனிச் செவ்வாக்கெழமைதான் தண்ணி விடுவான். உங்க மாமன் சாயங்காலம் வந்தா காபி கேப்பாரு. போர்த் தண்ணியில காபி வெச்சா வாயில வைக்க மாட்டாரு, உனக்கே தெரியும். குடிதண்ணியக் கொண்டுபோயி மண்ணுல கொட்டுனையான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஏதாச்சும் சொல்லிக்கலாமுங்க."

"நீ சொல்லுவே. பதில் சொல்லோணுமல்ல, நானு."

அத்தையின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. நல்ல தண்ணி டிரம்முக்கும் பூட்டு. அந்த வீட்டில் பூட்டில்லாதது சௌமியாவின் மாடி ஒன்றுதான். இப்போது அதுவும் கருகிவிட்டது.

ஜீவாவுக்குப் போன் போட்டாள். "இன்னிக்கு வேண்டாம் ஜீவா, செடியெல்லாம் வாடிப்போச்சு. அடுத்த வாரம் வர்றியா?"

"அடுத்த வாரம் வந்து என்ன பண்றது? திங்கக்கெழமை வேற ஒருத்தரைப் போட்டுருவாங்க. நான் லீவு எழுதிக் குடுத்துட்டேன் தாயி. மதியம் சாப்பிட்டதும் கெளம்பறேன். இருக்கறதக் காட்டு."

இருக்கிறதைக் காட்டு! எதைக் காட்டுவது? சௌமியா தன் அறையில் இருந்த தண்ணி பாட்டில்களை எடுத்தாள். தனக்கென்று வைத்திருந்த ஒரு சொம்பையும் எடுத்தாள். தன் பங்குத் தண்ணிக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாதல்லவா? அதைக் கொண்டுபோய் ஒரே ஒரு தக்காளிக்கு ஊற்றினாள். மண் ஒரு மிடறு குடித்துவிட்டு இன்னும் கேட்டது. மீதிச் செடிகளைப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் மெயின் ரோட்டில் மஞ்சள் பஸ் ஒன்று போயிற்று. தினமும் அந்தப் பஸ்களைப் பார்த்துக்கொண்டேதான் செடிக்குத் தண்ணி விடுவாள். திங்கட்கிழமைக்குப் பிறகும் அவள் இங்கேயேதான் நிற்கப்போகிறாள், பஸ்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். அழுதாள். நன்றாகவே அழுதாள், கேட்க ஆளில்லாத இடம்தானே!

மத்தியானம் அத்தையும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட உட்கார்ந்தார்கள். போன் அடித்தது. மாமனார். சௌந்திரத்துக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் சௌமியாதான் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

"சௌந்திரம், கேட்டு பூட்டித்தானே இருக்குது?"

"இருக்குதுங்க."

"யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வாரது?"

"சரி. சாப்பாடு ஆச்சு, கெளம்பிட்டேன். சீக்கிரம் வந்துருவேன். அப்புறம், கல்யாணத்துல உங்கொக்கா ஆராயி வந்திருந்துச்சு. உன்னைத்தான் கேட்டுட்டே இருந்துச்சு. முட்டி ஆபரேசன் பண்ணிக் கோலூணிட்டு வந்திருக்குது, பாவம்."

சௌந்திரம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அக்காளா? வெண்ணந்தூர்ல இருந்து அவ்வளவு தூரம் வந்தாளா?"

"ஆமா. நோய்க்காலம் முடியட்டும், ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லியிருக்கறேன்."

"ஏனுங்க... என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா பாத்திருப்பனுங்களே?"

"ஊட்டுக்கு ஆளு வேண்டாமா சௌந்திரம்?" என்றார், அதே இதமான குரலில். போன் நின்றது.

சௌந்திரம் பிசைந்த சோற்றை இலையிலேயே ஒதுக்கி வைத்தாள். அக்காளை அவள் பார்த்து ஒன்றரை வருஷமாகிறது. ஆபரேஷனுக்குக்கூடப் போகவில்லை. அப்போதும் நோய்க்காலம்தான். சௌமியா ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாமா என்று பார்த்தாள். ஆனால் காலையில் அத்தை மறுத்த தண்ணிதான் நினைவுக்கு வந்தது. இலையை மடித்துவிட்டு மாடிக்குப் போனாள்.

கருகிய இலைகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். தப்பிப் பிழைக்கும் என்று தோன்றியவற்றை நிழலுக்கு இழுத்தாள். இருபத்தைந்து கிலோ மண் உள்ள மூட்டையை ஒற்றையாளாக இழுப்பது விளையாட்டா? இடுப்பு பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு படி. மூச்சு. இன்னொரு படி. மூச்சு.

எட்டிப் பார்த்தாள். முட்டிவலி வந்த நாளிலிருந்து மாடிப்படிப் பக்கமே வராத சௌந்திரம், இடுப்பில் எவர்சில்வர் குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். குடம் தளும்பிச் சேலை நனைந்திருந்தது.

"ஐயோ அத்தை! உட்டா நான் வந்து எடுத்திருப்பேனே!"

"அக்கட்ட போ. நானே ஊத்தறேன்."

குடத்தைத் தக்காளி மூட்டையில் மொத்தமாகச் சாய்த்தாள். தண்ணி உள்ளே இறங்கி அடியில் பழுப்பாக வடிந்தது. சௌந்திரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு, சௌமியாவைப் பார்க்காமல், கத்தரியைப் பார்த்துச் சொன்னாள்.

"கை மறந்து போட்டதில்ல சாமி."

சௌமியாவுக்குப் புரியவில்லை.

"தெரிஞ்சேதான் போட்டேன். நீ சொன்ன அன்னிக்குப் பொழுதோட ஒரு கை. அடுத்த நாளு ரெண்டு கை."

கிள்ளிய இலைகள் சௌமியாவின் கையிலிருந்து விழுந்தன.

"எதுக்குங்க அத்தை?"

"மாடு இருந்த வரைக்கும் அதுகிட்டப் பேசிட்டிருந்தேன். அதையும் ஓட்டியுட்டாரு. நீ இருக்கறே. மாடியில நின்னுட்டு நீ பூச்சியத் திட்டறது, செடியக் கொஞ்சறது, அரைகொறையா எனக்குக் கேக்கும். அதைக் கேட்டுட்டேதான் அடுப்படியில நிக்கறேன். நீயும் பஸ்ஸேறிப் போயிட்டா அந்த அடுப்படியில நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? பயமாப் போச்சு. செடி பட்டுப்போச்சுன்னா நீ போக மாட்டீன்னு நெனச்சேன்."

சௌமியாவுக்கு இத்தனை நேரம் யார்மேலும் காட்ட முடியாமல் இருந்த கோபம் இப்போது போக இடம் கிடைத்துப் பொங்கியது.

"இந்தச் செடி இல்லீன்னா நான் எப்பவோ பைத்தியமாயிருப்பேன் அத்தை! அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போட்டீங்க."

"தெரிஞ்சுந்தான் போட்டேன்."

"மாமாவாவது கேட்டைத்தான் பூட்டினாரு. நீங்க..."

சௌந்திரம் தலையை ஆட்டினாள். மறுக்கவில்லை, அழவுமில்லை. "ஆமா சாமி. எங்கக்காளை நான் பாக்காத மாதிரி, உன்னையும் யாரும் பாக்காமப் பண்ணப் பாத்தேன். இன்னிக்கு அவரு பேசுனதக் கேட்டப்பத்தான் ஒறைச்சுது. ஊட்டுக்கு ஆளு வேண்டாமான்னாரு பாரு, அதையேதான் நானும் மனசுல சொல்லிட்டிருந்திருக்கறேன்."

கீழே ஷெட்டில் கோழிகள் இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தன.

சௌந்திரம் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "திட்டோணுமின்னா அப்புறம் திட்டு, நின்னு கேட்டுக்கறேன். டிரம்மு தொறந்துதான் இருக்குது. நீ போயி மொண்டுட்டு வா. என்ற முட்டி இனி ஒரு நடைக்குத் தாங்காது."

சௌமியா மன்னித்துவிட்டாளா? இல்லை. அவ்வளவு சுலபமாக மன்னிக்கிற ரகமல்ல அவள். ஆனால் செடி காத்திருந்தது. ஓடினாள். குடம் குடமாகச் சுமந்து வந்தாள். அவள் கொண்டுவர, சௌந்திரம் ஊற்ற, கத்தரிக்கு ஆயிற்று, மிளகாய்க்கு ஆயிற்று, அவரைக்கு ஆயிற்று. ஒவ்வொரு மூட்டையின் அடியிலிருந்தும் உப்பு வடிந்து மாடித் தரையில் ஓடியது. கடைசிக் குடத்துக்கு டிரம்மைச் சாய்த்து வழித்தெடுக்க வேண்டியிருந்தது.

"இந்தக் கத்தரி வராது. அவரை வந்துரும். தக்காளியில பாதி தேறும்" என்றாள் சௌமியா. கோபம் குறையாத குரலில்தான் சொன்னாள்.

"அந்தப் புள்ள வந்து கேட்டா என்ன சொல்லுவே?"

"உப்பு விழுந்து போச்சு, கழுவி விட்டிருக்கறேன்னு சொல்லுவேன். செடி நல்லா இருக்கறப்பக் காட்டறது யாராலயும் முடியும்."

"மாமியாதான் போட்டாள்னு சொல்லுவியா?"

சௌமியா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "அதை நீங்களே சொல்லுங்க."

அந்தப் பதிலைச் சௌந்திரம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தலையை ஆட்டினாள்.

கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்கூட்டியில் ஜீவா. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மாடியைப் பார்த்துக் கையாட்டினாள். அவளுக்குப் பின்னால், மெயின் ரோட்டிலிருந்து பண்ணைப் பாதைக்குள் ஒரு வெள்ளைக் கார் திரும்புவது புழுதியில் தெரிந்தது.

"மாமா!" சௌமியாவின் கால் தானாகப் பின்னால் நகர்ந்தது. இரண்டு வருஷப் பழக்கம்.

சௌந்திரம் இடுப்பிலிருந்த கொத்தை உருவி, கேட் சாவியைத் தனியாகப் பிரித்து மருமகள் கையில் வைத்தாள்.

"அவரு வந்து தொறந்தா, தொறக்கறதும் பூட்டறதும் அவரு இஷ்டம்னே ஆயிரும். போ. அவரு வாரதுக்குள்ள நீ தொற. வந்தவளை மொதல்ல உள்ள கூப்பிடு."

"மாமா என்ன சொல்வாரோ அத்தை?"

"சொல்லட்டும். வந்தவொடனே காபி கேப்பாரு." சௌந்திரம் காலியான குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். "இன்னிக்குப் போர்த் தண்ணியிலதான் காபி. மொத வாயிலயே தெரிஞ்சுக்குவாரு. எதுக்குன்னு கேட்டா நானே சொல்லிக்கறேன். நீ போ சாமி."

சௌமியா படிகளில் இறங்கி ஓடினாள். வாசலைத் தாண்டி, ஈரக் காலோடு மண்ணில் ஓடிக் கேட்டருகே வந்து நின்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஜீவா சிரித்தாள். அவளுக்குப் பின்னால் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"யாரு சாமி அது?" என்றார் வெங்கடாசலம், இதமாக.

சௌமியா சாவியைப் பூட்டில் போட்டுத் திருகினாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பூட்டை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. அது கொஞ்சம் இறுகி நின்று, பிறகு திறந்துகொண்டது.